பாதிதான் உன்மேல்

உங்க பொண்ணுக்கு என்ன நோய் என்று எழுதியிருக்காங்க தம்பி? இன்னும் எழுதலையா? நல்லது. எழுத விடாதீங்க.

பக்கத்தில் உட்கார்ந்ததும் இப்படிக் கேட்கிறானே என்று கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டம்மா பொண்ணைக் கூட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கிற பக்கம் போனதைப் பார்த்தேன். பொண்ணு துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறதா? தூங்குவதில்லையா? சரி, சொல்ல வேண்டாம். இந்த வராந்தாவுக்கு வருகிற யாரும் முதல் நாள் வாயைத் திறப்பதில்லை. நானும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இப்போது கூட்டுகிற அம்மாவில் இருந்து டாக்டரம்மா வரைக்கும் எனக்குத் தெரியாத ஆள் இங்கே கிடையாது. எல்லோரோடும் ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கிறேன்.

என் பேர் நாச்சிமுத்து. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு. நாலாங் கிளாஸோடு சரி. சந்தையில் சாணி அள்ளினேன், கயிறு பிடித்தேன், எருமையிடம் உதை வாங்கினேன். தொழில் கத்துத் தருகிறேன் என்று கூட்டிப் போனவன் முதல் வியாபாரத்திலேயே என்னை ஏமாற்றினான். அவன்தான் எனக்கு வாத்தியார். நீங்க டவுன் ஆள், பார்த்திருக்க மாட்டீங்க. நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் என் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். நான் பிடிக்கிற விரல்தான் விலை. சுற்றிலும் கூட்டம் நிற்கும், ஒருத்தனுக்கும் தெரியாது. முகத்தில் ஒன்றையும் காட்டக் கூடாது. நான் கையைப் பிடித்தால் எதிராளிக்கு விரல் வேர்க்கும்.

இன்னொன்று கேளுங்க. மாட்டுக்குச் சுழி பார்ப்பாங்க. தோலில் மயிர் சுழித்திருக்கிற இடம். சில இடத்தில் இருந்தால் ராசி, சில இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பாங்க. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எவனாவது ஒருத்தன் வாயைத் திறந்து, 'இதுக்கு இந்தச் சுழி இருக்குதுங்க' என்று சொல்லிவிட்டால் போச்சு. குடம் குடமாகப் பால் கறந்தாலும் அந்த மாடு சாயங்காலம் வரைக்கும் அதே இடத்தில் நிற்கும். அதனால் சுழி கண்ணில் பட்டாலும் நான் சொல்ல மாட்டேன். சொல்ல வருகிறவன் வாயையும் மூடிவிடுவேன். குறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் தம்பி, அதற்கு ஒரு பேர் வந்துவிடக் கூடாது. இங்கேயும் அதேதான்.

உள்ளே டாக்டரம்மாகிட்ட இருக்கிறது என் பொண்ணு. பவதாரணி. தாரணி என்போம். அவள் சித்தியும் கூட இருக்கிறாள், என் சம்சாரத்தின் தங்கச்சி, நாயகி என்று பேர். என்னை மட்டும் வெளியே உட்காரச் சொல்லிட்டாங்க. கூப்பிடுவாங்களாம். பெத்தவன் வெளியே, சித்தி உள்ளே. நடக்கட்டும்.

கொரோனா வந்தபோது தாரணி ஏழாவது. சந்தையைப் பூட்டினாங்க. சந்தையைப் பூட்டினால் மாடு தின்னாமல் இருக்குமா? விற்கிறவனுக்கு அவசரம் இருந்தது, வாங்குகிறவனுக்கு அது தெரிந்திருந்தது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் இல்லாத வழியாகத் தோட்டம் தோட்டமாகப் போனேன். கையைப் பிடிக்காமல் எப்படி விலை பேசுவது? பிடித்தேன். வீட்டுக்கு வந்தால் வாசல் கேட்டிலே இவள் நிற்பாள். ஒரு பக்கெட் சோப்புத் தண்ணி, ஒரு மக்கு, காலுக்கு ஒரு சாக்கு.

"அங்கயே நில்லுங்கப்பா! துண்டைப் பக்கெட்டுல போடுங்க. செருப்பு அந்தப் பக்கம். நகக்கண்ணைக் காட்டுங்க."

"நகக்கண்ணுல என்ன இருக்கு சாமி?"

"அதெல்லாம் இருக்கு. காட்டுங்க."

என் சம்சாரம் ருக்குமணி சமையல்கட்டில் இருந்து சிரிப்பாள். "சந்தையே நடுங்குது உங்களைக் கண்டு. உங்களை நடுங்க வைக்க ஒருத்தி பொறந்திருக்கா பாருங்க" என்பாள். எனக்குப் பெருமைதான். எங்க வீட்டில் ஒரு கலெக்டர் இருக்குது என்று போன இடமெல்லாம் சொன்னேன். பால் பாக்கெட்டைக் கழுவுவாள். கொத்தமல்லியை இலை இலையாகக் கழுவுவாள். மொபெட் சாவியைக் கழுவுவாள். போனில் கிளாஸ் எடுத்த டீச்சர், தாரணி மாதிரி எல்லாரும் இருக்கணும் என்று சொன்னாங்க, நானே காதால் கேட்டேன். யாருக்காவது போன் போட்டால் முதலில் ஒருத்தன் இருமுவான், அப்புறம் ஒரு பொம்பளை வந்து கையைக் கழுவு என்பாள். நாடே கழுவியது. அதில் என் பொண்ணு கழுவினது மட்டும் நோய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

அடுத்த வருஷம் ரெண்டாவது அலை வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு காங்கேயம் காளை ஜோடி. அருமையான ஜோடி தம்பி, இன்னைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. தோட்டத்துக்காரருக்கு லேசான இருமல். பேரம் அங்கே முடியவில்லை, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் போனிலேயே நடந்தது. வாங்குகிறவன் இழுக்கிறான், நான் கத்துகிறேன். கேட்டுக்குப் போனால் இவள் நிற்க வைத்துச் சோப்புப் போடுவாள், அதற்குள் வியாபாரம் கைவிட்டுப் போகும். கொல்லைப்பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். துண்டைக் கொடியில் போட்டேன். ருக்குமணி சொம்பில் தண்ணி கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள். அன்றைக்குத்தான் வந்தது என்று எந்த விஞ்ஞானி எழுதிக் கொடுப்பான்? அந்தத் தோட்டத்துக்காரரும் அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார், அது வேறு விஷயம்.

எனக்குக் காய்ச்சல் வந்தது, போனது. ருக்குமணிக்கு வந்தது போகவில்லை. படுக்கைக்கு அலைந்து, ஆக்ஸிஜனுக்கு அலைந்து, கடைசியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாங்க. வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. மின்மயானத்துக்கு நானும் நாயகி புருஷனும் மட்டும்தான் போனோம். தாரணி போனில் பார்த்தாள். சிக்னல் சரியில்லை, நின்று நின்று தெரிந்தது என்றாள்.

திரும்பி வந்தால் கேட்டில் பக்கெட்டோடு நிற்கிறாள். எனக்கு வயிறு எரிகிற நேரம். கேட்டேன். "என்ற துண்டை அன்னைக்கு நல்லாத் தொவைச்சியா?" என்று. அவ்வளவுதான் கேட்டேன். எதில் வந்தது என்று மனுசன் நாலு பக்கமும் விசாரிக்க மாட்டானா? பால்காரனையும் கேட்டேன். பக்கத்து வீட்டையும் கேட்டேன். இவளையும் கேட்டேன்.

"தொவைச்சேனுங்கப்பா."

"நல்லா?"

போய்ப் படுத்துக்கொண்டாள். இதில் என்ன இருக்கிறது? ஆனால் டாக்டரம்மா இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்காத நாள் இல்லை. எந்த வார்த்தையில் கேட்டீங்க, எப்படிக் கேட்டீங்க, சத்தமாகக் கேட்டீங்களா. அடேயப்பா, போலீஸ்காரன்கூட அப்படிக் கேட்க மாட்டான்.

பள்ளிக்கூடம் திறந்தாங்க. மற்ற பிள்ளைகள் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஓடுதுங்க. இவள் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நிற்கிறாள். பெஞ்சைக் கழுவணுமாம். கழுவிவிட்டு உட்கார்ந்தால், பக்கத்துப் பொண்ணு தொட்டுவிட்டது என்று மறுபடியும். 'சோப்பு, சோப்பு' என்று கூப்பிட்டிருக்காங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை வரச்சொல்லி, நல்ல மனநல டாக்டராகப் பாருங்க என்றாங்க. மேசைமேல் இருந்த கண்ணாடி எகிறுகிற மாதிரி மேசையை அடித்தேன். அப்புறம் கூட்டிக்கொண்டுதான் வந்தேன், இதே ஆஸ்பத்திரிக்கு, இதே டாக்டரம்மாகிட்ட. சின்ன வயசு அந்தம்மாவுக்கு. சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"ரெண்டு இருக்குதுங்க ஐயா" என்றாங்க. "ஓ.சி.டி.ன்னு சொல்வோம், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே வேலையைச் செய்ய வைக்கும். அதோட டிப்ரஷனும் இருக்கு."

"ரெண்டு எதுக்குங்க? ஒண்ணை எடுத்துடுங்க."

"எடுக்கறதுக்கு இதென்ன தக்காளியா?"

"சரி, ஒண்ணு இருக்கட்டும். அதையும் பயம்னு எழுதுங்க. கொழந்தைப் பயம். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கறதுதானே?"

"அவ கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சோப்பு சேரலை. அதை எழுதுங்களேன். தோல் நோய்னு எழுதிட்டா உங்களுக்கும் வேலை முடிஞ்சுது, எனக்கும் முடிஞ்சுது."

முதலில் சிரிச்சாங்க. நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பேரைக் கொறைச்சா நோய் கொறையாதுங்க. ஊரே கழுவுன காலத்துல ஆரம்பிச்சதால யாருக்கும் தெரியாமப் போயிருச்சு. இந்தமாதிரிப் பிள்ளைங்க இப்ப நெறைய வருதுங்க. எல்லாமே லேட்டாத்தான் வருது. இது ஒண்ணும் அசிங்கம் இல்லீங்க."

"உங்களுக்கு அசிங்கம் இல்ல. நாளைக்கு இவளைக் கட்டிக் குடுக்கணும்."

"அவளுக்குப் பதிமூணு வயசு."

"கன்னுக்குட்டியா இருக்கும்போதே சுழி பாத்துருவாங்கம்மா."

தாரணி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காராமல், ரெண்டு கையையும் எதிலும் படாமல் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் எழுந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவங்க தந்த மாத்திரைச் சீட்டு எங்கே போனதென்றே தெரியாது.

டவுனில் தோல் டாக்டர் ஒருத்தரைப் பிடித்தேன். அவரிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டச் சொன்னேன். அலர்ஜி என்று எழுதினார். அலர்ஜி! கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. யார் வீட்டில் இல்லை அலர்ஜி? திரும்பி வரும்போது வண்டியில் சொன்னேன், "அப்பன் ஜெயிச்சுட்டேன் பாத்தியா கண்ணு?" என்று. பின்னால் வண்டியையும் பிடிக்காமல் என்னையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். மேட்டில் ஏறும்போது, "விழுந்துருவே, பிடிச்சுக்கோ" என்றேன். "வேண்டாங்கப்பா" என்றாள்.

அலர்ஜிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அப்புறம் நீண்ட லீவு, அப்புறம் பள்ளிக்கூடமே இல்லை. களிம்பு பூசுவாள், பூசினதைக் கழுவுவாள். உள்ளங்கை மாட்டு நாக்கு மாதிரி ஆகிவிட்டது. தண்ணி மோட்டார் ரெண்டு தடவை எரிந்தது. சோப்பை ஒளித்து வைத்தேன், பாத்திரம் விளக்குகிற பவுடரை எடுத்துக்கொண்டாள். கத்திப் பார்த்தேன். ஒரு நாள் கையும் நீட்டினேன், எந்த அப்பன் நீட்டவில்லை? நான் அடித்த கன்னத்தைக் கழுவப் போனாள் தம்பி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெத்த அப்பன் கை பட்டால் கழுவுவதா?

நாயகி ஒரு நாள் வந்தவள், இவள் தட்டில் இருந்த சோற்றைச் சொம்புத் தண்ணியில் அலசிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டாள்.

"அலர்ஜிக்காரி எதுக்கு மாமா சோத்தைக் கழுவறா?"

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. எங்கக்கா பொண்ணு செத்துக்கிட்டிருக்கா, அது மட்டும் தெரியுது."

என்னைக் கேட்கவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். பின்னாலேயே நானும் வந்தேன், சண்டை போட. டாக்டரம்மா சண்டைக்கு வரவில்லை, எல்லாரும் உட்காருங்க, சேர்ந்து பேசலாம் என்றாங்க. அன்றைக்குத்தான் தாரணி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா என்னாலதான் செத்தாங்க."

நாயகி அழுதாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. "நீங்க என்ன சொல்றீங்க ஐயா? அவளுக்கு நேராச் சொல்லுங்க."

பிள்ளை அவ்வளவு பெரிய பாரத்தை ஒத்தையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. நானாக இறங்கி வந்தேன். "முழுசும் உன்மேல இல்ல கண்ணு. பாதிதான் உன்மேல. பாதி அந்த நோய்மேல" என்றேன்.

பாதி தம்பி! யாரும் கேட்காமல், பேரம் பேசாமல், நானாகக் குறைத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாங்க. நாயகி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், "நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று. இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று சொன்னதில்லை அவள். தாரணி மட்டும்தான் சரியாகப் பேசினாள்.

"சரிங்கப்பா."

முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் தரை துடைக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள்.

பதறாதீங்க, இருக்கிறாள், உள்ளேதான் இருக்கிறாள் என்றேனே. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைக்க வைத்தாங்க. அங்கே ஒருத்தன் தற்கொலை முயற்சி என்று எழுத வந்தான். விடுவேனா? போலீஸ் வரும், பேப்பரில் வரும். வாய் கொப்பளிக்கும்போது தவறி உள்ளே போய்விட்டது என்று சொல்லி, பேசி, கத்தி, எழுத வைத்தேன். பொய்யும் இல்லை. உள்ளே சுத்தம் பண்ணத்தான் குடித்தேன் என்று அவளே நாயகியிடம் சொல்லியிருக்கிறாள். அப்போ அது கொப்பளிக்கிற மாதிரிதானே? என்னங்க?

இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் டாக்டரம்மா என்னை நிற்க வைத்துத்தான் பேசினாங்க. "அவ எல்லாத்தையும் அந்தத் துண்டு தொவைச்ச நாள்ல இருந்து எண்ணறா. மாத்திரை தர்றோம், மெல்ல மெல்லக் கழுவாம இருக்கப் பழக்கறோம். ஆனா அந்த நாளைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது அவளுக்கு உள்ளதைச் சொல்லணும். என்கிட்டச் சொல்ல வேண்டாம், அவகிட்டச் சொல்லுங்க. இல்லாட்டி இன்னொரு தடவை இவளை நாம காப்பாத்த முடியாமப் போகும்." அதற்குத்தான் இன்றைக்கு வரச்சொன்னது.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க?

கொல்லைப்பக்கம் வந்ததையா? அதையா சொல்லச் சொல்றீங்க? எதுக்கு? அது யாருக்கும் தெரியாது. ருக்குமணிக்குத் தெரியும், அவள் போய்விட்டாள். நீங்க யாரோ, பேர்கூடக் கேட்கவில்லை, அதனால் உங்களிடம் வாய்விட்டேன். அவளுக்கு அம்மா இல்லை. மிச்சம் இருப்பது ஒரு அப்பன். அந்த அப்பன்தான் கொன்றான் என்று தெரிந்தால், அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறாங்க? கொஞ்சம் யோசித்துப் பேசுங்க தம்பி. நான் கொன்றேன் என்று இல்லை, அப்படி நினைத்துக்கொள்வாள் என்கிறேன்.

சும்மா வரவில்லை நான். யோசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அன்றைக்குக் குழாயில் தண்ணி வரவில்லை, அவ்வளவுதான். தண்ணி இல்லாமல் பிள்ளை எப்படித் துவைக்கும்? அவள்மேலும் இல்லை, என்மேலும் இல்லை. போகட்டும் பஞ்சாயத்துக் குழாய்மேல். இதைவிட நல்ல முடிவு யார் கொடுப்பாங்க?

இதோ, கூப்பிடறாங்க. வர்றேன் சிஸ்டர். இந்தத் துண்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், பார்த்துக்குங்க. துண்டைக் கண்டால் அவளுக்கு உடம்பு ஆடும்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடலையா? கொஞ்சம் தள்ளி உட்காருங்க.

சொல்லிட்டேன்.

கைக்கு மருந்து போட்டு வெள்ளைத் துணி உறை மாட்டியிருக்காங்க. இளைத்துப் போனாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், உட்கார்கிறாள் இப்போது, அதுவே பெரிசு. நான் சொன்னேன். "கண்ணு, அன்னைக்குக் குழாயில தண்ணியே வரலை. பக்கெட்டுல இருந்தது மொத நாள் தண்ணி. நீ என்ன பண்ணுவே? உன்மேல தப்பே இல்லை" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள் தம்பி. என் முகத்தை அவள் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? பார்த்துவிட்டு, ஒரு நொடி யோசிக்கவில்லை, "ஆமாங்கப்பா. தண்ணி வரலை" என்றாள். டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அப்பா சொல்றது சரிதாங்க டாக்டர்" என்றாள்.

எத்தனை பேரிடம் விலை பேசியிருக்கிறேன். இழுக்காமல், முறைக்காமல், சொன்னதும் ஒத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு உடனே என்னமோ போல் ஆகிவிட்டது. டாக்டரம்மா ஒன்றும் எழுதவில்லை. அவளைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "கொஞ்ச நேரம் வெளிய இருங்க ஐயா. கதவைச் சாத்த மாட்டேன். தோணும்போது வாங்க" என்றாங்க. என்ன தோணணும்?

நாயகி பின்னாலேயே வந்தாள். அதோ அந்தக் குடிதண்ணி டேங்குகிட்ட என்னை நிறுத்தினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"தண்ணி வந்துச்சு மாமா" என்றாள். "அவ பக்கெட்டை ரொப்பி வெச்சுட்டுக் கேட்டுலயேதான் நின்னிருக்கா. உங்க வண்டி சத்தம் கேட்டுது. நீங்க போன்ல கத்திக்கிட்டே கொல்லைப்பக்கம் போனதைப் பாத்துருக்கா."

"யாரு சொன்னா?"

"கூப்பிட்டா எங்க அடிப்பீங்களோன்னு பயந்துக்கிட்டு அப்படியே நின்னுட்டாளாம். அப்பறமா வந்து கொடியில கெடந்த துண்டை எடுத்துத் தொவைச்சிருக்கா. நீங்க கேட்டது துண்டைப் பத்தி. அவ மனசுல இருக்கறது துண்டு இல்ல மாமா. 'நான் ஒரு சத்தம் குடுத்திருந்தா அப்பா நின்னுருப்பாரு சித்தி, எங்கம்மா இருந்திருப்பாங்க' அப்படீங்கறா."

"எப்பச் சொன்னா இதை?"

"இங்க சேத்த அன்னைக்கே. டாக்டருக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டா மாமா. 'அப்பாகிட்டச் சொல்லாதீங்க, அவரு தாங்க மாட்டாரு'ன்னு."

தாங்க மாட்டேனாம். யாரு? நானா? ருக்குமணியை எரித்துவிட்டு வந்து அந்த வாரமே மாடு பேசப் போனவன் நான். என்னைத் தாங்க மாட்டான் என்று சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஒரு பொடிப் பொண்ணு சொல்லியிருக்கிறது.

அப்போ, நான் அன்றைக்குப் பாதி என்றேனே தம்பி. உன்மேல பாதி என்று. அப்போதும் அவளுக்குத் தெரியும். நான் எந்தப் பக்கமாக வந்தேன் என்று தெரிந்துகொண்டுதான் 'சரிங்கப்பா' என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து...

நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க. சும்மா இருங்கன்னு சொல்றேன்!

கதவு திறந்துதான் இருக்கு. இங்கிருந்தே தெரிகிறது பாருங்க, அந்த வெள்ளைத் துணி, அதுதான் அவள் கை. மடியில் வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம்தான் பார்க்கிறாளா? எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

உங்க பொண்ணும் வந்துடுச்சு. நிற்க வைக்காதீங்க, பாவம். எழுந்திருங்க தம்பி, எனக்கு முன்னால நீங்க உள்ளே போங்க. பரவாயில்லை, போங்க. நான் இருக்கேன்.